எலிக்காரன் வீட்டில் எலி

எய்லிவின் வலது காதில் எப்போதும் ஒரு மஞ்சள் பென்சில் செருகியிருக்கும். அதைக்கொண்டு அவன் ஓர் எழுத்துகூட எழுதியதில்லை. எலித்தொல்லை என்று யாராவது கூப்பிட்டால் போவான், வீட்டைச் சுற்றி மெதுவாக ஒரு நடை நடப்பான், பலகைச் சுவரின் அடியில் எங்காவது ஓர் இடுக்கைக் கண்டுபிடிப்பான். பென்சிலை எடுத்து அதற்குள் செருகிவிட்டு வீட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பான்.

“பென்சில் போற இடத்துல எலி போகும். இது எலிக்குத் தெரியுது. உங்களுக்குத்தான் தெரியல.”

இருபத்திரண்டு வருடமாக எங்கள் வால்ட்ரெஸ் பள்ளத்தாக்கு முழுக்க இதே வசனம்தான். மர அறுவை ஆலையை மூடியபோது வேலை போனவர்களில் அவனும் ஒருவன். மற்றவர்கள் லாரி ஓட்டப் போனார்கள், பனிச்சறுக்கு மையத்தில் டிக்கெட் கிழிக்கப் போனார்கள். எய்லிவ் ஆறு வாரப் பயிற்சி ஒன்று முடித்துவிட்டு எலி ஒழிப்பு நிறுவனத்தின் நீலச் சட்டையோடு திரும்பி வந்தான். சட்டையோடு சேர்த்துத் தலைக்கனமும் கொடுத்து அனுப்பியிருப்பார்கள் போல.

அவன் இளக்காரமாகப் பார்க்காத ஆள் இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. ஒஸ்லோவிலிருந்து விடுமுறைக் குடிலுக்கு வருகிறவர்கள் அவன் கணக்கில் அடிமுட்டாள்கள். அலமாரியில் ஓட்ஸ் பொட்டலத்தைத் திறந்தபடி வைத்துவிட்டுப் போவார்கள், ஈஸ்டருக்கு வந்து எலி என்று அலறுவார்கள். போதகர் விறகைச் சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்தாராம். “எலிக்குப் படிக்கட்டு கட்டிக் குடுத்திருக்கீங்க, சாமி” என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தான். ராக்ன்ஹில்ட் டீச்சர் எலியைக் கொல்ல மனசு வராமல் கூண்டில் உயிரோடு பிடித்து, ரோட்டைத் தாண்டி பிர்ச் மரத்தோப்பில் விட்டுக்கொண்டிருந்தாள். “நீங்க பூட்ஸைக் கழட்டறதுக்குள்ள அது திரும்பி வந்திருக்கும் டீச்சர். நீங்க அதை வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்க, அவ்வளவுதான்.” எண்பது வயதுக்காரி முகம் சிவந்து உள்ளே போய்விட்டாள்.

எல்லாரையும்விட அவனுக்கு ஆகாதவர்கள், “பக்கத்து வீட்டுலேருந்து வந்திருக்குமோ?” என்று கேட்பவர்கள். அந்தக் கேள்வியை மூக்கால் பேசி நடித்துக் காட்டுவான். அவன் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. எங்களுக்கு எரிச்சலே அதுதான்.

நவம்பர் கடைசியில் அவன் வீட்டுக்குள் எலி வந்தது.

முதலில் பார்த்தது அவன் மனைவி மோல்ஃப்ரி. அவள் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவள், சுத்தம் என்றால் சுத்தம். கரண்டிகள் வைக்கும் இழுப்பறையில் கறுப்பு அரிசிபோல நாலைந்து கிடந்தன. எய்லிவைக் கூப்பிட்டுக் காட்டினாள். எலிப் புழுக்கையை ஆயிரம் வீடுகளில் பார்த்தவன் குனிந்து பார்த்துவிட்டு, “சீரகம்” என்றான்.

“நான் சீரகமே வாங்கறதில்ல எய்லிவ்.”

“அப்போ ரொட்டியிலேருந்து உதிர்ந்திருக்கும்.”

மறுநாள் காலை குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் அவன் கமுக்கமாக இரண்டு பொறி வைத்ததை அவள் பார்த்தாள். ஒரு வாரத்தில் ஐந்து எலி விழுந்தது. எய்லிவ் வரிசையாகக் காரணம் கண்டுபிடித்தான். மோல்ஃப்ரி பறவைகளுக்குப் போடும் சூரியகாந்தி விதை. பிறகு, அவள் அண்ணன் ஒட்வார் கொண்டுவந்து கொடுத்த உருளைக்கிழங்கு மூட்டை. கடைசியில் அது எதுவும் எடுபடாமல், ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது ரொட்டியில் பழுப்புப் பாலாடைக்கட்டியை வைத்தபடி சொன்னான்: “பக்கத்துல அந்த வாடகைக்காரங்க வந்ததுலேருந்துதான். அங்கேருந்து வருது.”

மோல்ஃப்ரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

காரணம் அவனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இருபத்தேழு வருடத்துக்கு முன் தங்கள் வீட்டை எய்லிவும் ஒட்வாரும் சேர்ந்துதான் கட்டினார்கள். எங்கள் ஊரில் பலகைச் சுவருக்குப் பின்னால் காற்றோட்டத்துக்கு ஓர் இடைவெளி விடுவோம், இல்லாவிட்டால் மரம் உளுத்துவிடும். அந்த இடைவெளி அடியில் திறந்திருக்கும். காற்று போகட்டும், எலி போகக் கூடாது என்று துளைபோட்ட தகரப் பட்டை ஒன்றை அதன் வாயில் அடிப்பது வழக்கம். மூன்று பக்கம் அடித்தாயிற்று. வடக்குப் பக்கம் வந்தபோது காட்டு மான் வேட்டை தொடங்க இரண்டே நாள் இருந்தது. வேட்டைக் குழுவில் எய்லிவுக்கு அந்த வருடம்தான் முதல்முறை இடம் கிடைத்திருந்தது.

“வடக்குப் பக்கம் எந்த எலியும் வராது. வெயிலே படாத சுவர்” என்றான் எய்லிவ்.

“எலி வெயில் காயவா வருது? அரை நாள் வேலை. முடிச்சிட்டுப் போ” என்றான் ஒட்வார்.

“எனக்கு நீ பாடம் எடுக்காதே.”

வேட்டைக்குப் போனான். மிச்சப் பட்டைச் சுருளை ஒட்வார் தன் கொட்டகைக்கு எடுத்துப் போனான். எய்லிவ் வடக்குச் சுவரை ஒட்டி மார்பளவுக்கு விறகு அடுக்கினான். போதகரைப் படிக்கட்டு கட்டியவர் என்று கிண்டல் செய்த இவன் வீட்டிலேயே இருபத்தேழு வருடமாக அந்த விறகு சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸுக்கு ஏழு வகைப் பிஸ்கட் சுட்டே ஆகவேண்டும் என்பதில் மோல்ஃப்ரி கண்டிப்பானவள். மூன்றாவது வகைக்கு மாவைப் பிசைந்து, துணி போட்டு மூடிவிட்டு, வெண்ணெய் எடுக்கத் திரும்பினாள். மறுபடி பார்த்தபோது துணி அசைந்தது. அவள் கத்தவில்லை. அடுப்பை அணைத்தாள், மாவைக் குப்பையில் கொட்டினாள், மாடிக்குப் போய்த் தன் தலையணையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“எங்க போற?”

“ஒட்வார் வீட்டுக்கு. மிச்ச அஞ்சு வகையும் அங்கதான். இந்த வீட்டுல எலி போகணும். அப்புறம் யார் தப்புன்னு உன் வாயால நீ அவன்கிட்ட சொல்லணும். ரெண்டும் நடந்தா வர்றேன்.”

“எலி போகும்.”

“அது தெரியும். நான் கேக்கறது ரெண்டாவது.”

“ஒரு எலிக்காக முப்பது வருஷக் குடும்பத்தை விட்டுட்டுப் போறியா?”

“எலிக்காக இல்ல. சீரகத்துக்காக” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எய்லிவுக்கு ஊரில் இருந்த ஒரே மரியாதை எலியால் வந்த மரியாதை. இனி அதுவும் போகும். மனைவியும் போவாள். இரண்டில் எது பெரிது என்று அந்த வாரம் முழுக்க அவனுக்கு விளங்கவில்லை என்றால், அந்த மனிதனின் லட்சணத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை காரில் உட்கார்ந்து அன்றைய வேலைப் பட்டியலை போனில் பார்த்தான். இங்கே வீட்டுக் காப்பீட்டிலேயே எலி ஒழிப்பும் சேர்ந்திருக்கும். வீட்டுக்காரர் காப்பீட்டுக்கு போன் செய்தால் போதும், அவர்கள் பக்கத்தில் இருக்கும் ஆளை அனுப்புவார்கள். பட்டியலில் மூன்றாவதாக அவன் வீட்டு முகவரியே இருந்தது. மோல்ஃப்ரி தன் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருந்ததால் ஒஸ்லோவில் பட்டியல் போட்ட பெண்ணுக்கு எதுவும் தெரிய நியாயமில்லை.

உடனே மோல்ஃப்ரிக்கு போன் போட்டான். “நீயா கூப்பிட்டே?”

“ஆமா. வீட்டுல எலி. ஆள் அனுப்பச் சொன்னேன்.”

“அந்த ஆளே நான்தானே!”

“அப்போ வந்து சேரு. பன்னிரண்டு மணிக்கு.”

தன்னால் முடியாது என்று தட்டிக்கழித்தால் வேலை அடுத்த பள்ளத்தாக்கின் எலிக்காரன் சிக்ப்யோனுக்குப் போகும். இவன் வீட்டுச் சுவரில் சிக்ப்யோன் பென்சில் விட்டுப் பார்ப்பதை நினைத்ததும் எய்லிவ் கார் சாவியைத் திருகினான். பன்னிரண்டுக்குத் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினான்.

அண்ணன் வீட்டிலிருந்து முன்பே வந்து காத்திருந்த மோல்ஃப்ரி திறந்தாள். “வாங்க. ஷூவைக் கழட்டிட்டு வாங்க.”

“மோல்ஃப்ரி, விளையாடாதே.”

“எலி எங்கேருந்து வருதுன்னே தெரியல. பக்கத்து வீட்டுலேருந்து இருக்குமோ?” அதை அவள் மூக்காலேயே கேட்டாள்.

அவன் ஷூவைக் கழட்டினான். சமையலறை, துணி துவைக்கும் அறை, மாடிப்படிக்கு அடியில் என்று வழக்கம்போல எல்லாவற்றையும் பார்த்தான். பிறகு வெளியே வந்து கிழக்கு, தெற்கு, மேற்கு என்று மூன்று சுவரையும் மிக நிதானமாகப் பார்த்தான். அவளும் கோட்டை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். வடக்கில் விறகு அடுக்கின் முன்னால் இருவரும் நின்றார்கள்.

“இதுக்குப் பின்னால பாக்க வேணாமா? மறைப்பு இருந்தா விலக்கிப் பாக்கணும்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லுவீங்களாமே.”

“பனி உறைஞ்சிருக்கு.”

“கடப்பாரை கொண்டுவரட்டுமா?”

எய்லிவ் விறகை எடுத்து எறியத் தொடங்கினான். அரைமணி நேரமானது. அடியில் எலி கடித்துத் துப்பிய மரத்தூளும் காய்ந்த புல்லும் கூடுகூடாகக் கிடந்தன. பலகைக்கு அடியில் அந்த இடைவெளி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வாயைத் திறந்துகொண்டிருந்தது. மோல்ஃப்ரி கையை நீட்டி அவன் காதிலிருந்து பென்சிலை உருவினாள். குனிந்து இடுக்கில் செருகினாள். பென்சில் முழுதாக உள்ளே போனது. சுவருக்குள் எங்கோ டக்கென்று விழுந்த சத்தம் கேட்டது.

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் ஈயாடவில்லை.

அறிக்கையை போனில் நிரப்பித்தான் ஆகவேண்டும். காரணம் என்ற கட்டத்தில் ‘கட்டுமானக் குறை, வீட்டுக்காரர் பொறுப்பு’ என்று ஒரு வரி உண்டு. எத்தனையோ பேர் வீட்டில் அதை ருசித்து ருசித்து அழுத்தியவன் இப்போது கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். கடைசியில் அழுத்தினான்.

“அழுத்திட்டேன். போதுமா?”

“அது ஒஸ்லோவுக்குப் போகும். நான் சொன்னது ஒட்வார்கிட்ட.”

ஒட்வார் அப்போதே வந்துகொண்டிருந்தான். தோளில் பட்டைச் சுருள், சுற்றிய பழுப்புக் காகிதம்கூடப் பிரிக்கவில்லை. தங்கை சொல்லித்தான் வந்திருப்பான். அவன் வாயைத் திறந்து ஒரு குத்தல் பேச்சு பேசியிருந்தால் எய்லிவ் பதிலுக்குச் சீறித் தப்பித்திருப்பான். அந்த மனுஷன் சுருளைக் கீழே வைத்து, காகிதத்தைக் கிழித்து, விரலால் தடவிப் பார்த்தான்.

“துரு பிடிக்கல. நல்ல தகரம்.” முழங்காலிட்டு அளவெடுத்தான். பிறகு கையைப் பின்னால் நீட்டினான். “குறிக்கணும். உன் பென்சிலைக் குடு.”

“சுவருக்குள்ள இருக்கு” என்றாள் மோல்ஃப்ரி.

ஒட்வார் அதற்கும் சிரிக்கவில்லை. ஆணியால் கீறிக் குறித்தான். இருட்டுவதற்குள் அடித்து முடித்தார்கள். எய்லிவுக்கு வாய்ப்பு இல்லாமல் இல்லை. மூன்று மணி நேரம் ஒட்வாரின் பக்கத்திலேயே மண்டிபோட்டு ஆணி எடுத்துக் கொடுத்தான். குளிரைப் பற்றிப் பேசினான், ஆணியின் தரத்தைப் பற்றிப் பேசினான். அந்த ஒரு வாக்கியம் மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. மோல்ஃப்ரி அண்ணன் காரிலேயே ஏறிப் போய்விட்டாள்.

சுவருக்குள் மாட்டிக்கொண்ட மிச்ச எலிகளைப் பொறி பார்த்துக்கொண்டது. டிசம்பர் பத்துக்குப் பிறகு ஒன்றும் விழவில்லை. பொறிகள் பத்து நாள் காலியாக இருந்தால் வீடு சுத்தம் என்பது அவனே ஊருக்குச் சொல்லும் விதி. இருபதாம் தேதி போன் செய்து, “எலி போச்சு” என்றான். “நல்லது” என்று அவள் வைத்துவிட்டாள்.

அதனால் கிறிஸ்துமஸ் விருந்துக்கு அவன் ஒட்வார் வீட்டுக்குப் போகும்படி ஆனது, அதுவும் விருந்தாளியாக. ஆட்டு விலா வெந்திருந்தது, ஏழு வகைப் பிஸ்கட்டும் தட்டில் இருந்தன. சாப்பிட்டு முடித்ததும் பரிசுகளைப் பிரித்தார்கள். ஒட்வார் ஒரு சின்னப் பொட்டலத்தை அவன் கையில் வைத்தான். பிரித்தால் ஒரே ஒரு மஞ்சள் பென்சில், முனை சீவியிருந்தது. ஒட்வாரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

எய்லிவ் அந்தப் பென்சிலைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். காதில் செருகவில்லை. அவன் கழுத்து சிவந்து, சிவப்பு காதுவரை ஏறியது.

“ஒட்வார்.”

“சொல்லு.”

“அந்தப் பட்டை. வேணாம்னு விட்டது நான்தான். தப்பு என்னோடது.”

“அது இருபத்தேழு வருஷமா எனக்குத் தெரியுமே” என்றான் ஒட்வார். “பிஸ்கட் எடுத்துக்கோ.”

அதற்குப் பிறகும் ராக்ன்ஹில்ட் டீச்சரிடம் அவன் வாயைக் குறைத்துக்கொண்டான் என்று யாரும் கனவு காண வேண்டாம். பிப்ரவரியிலேயே பழைய வசனம் திரும்பிவிட்டது, பென்சில் மட்டும் புதிது. ஆனால் அன்றைக்கு அவன் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, மெல்லாமல் வாயில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். மோல்ஃப்ரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து மாடிக்குப் போனாள். இறங்கி வரும்போது கக்கத்தில் தலையணை இருந்தது.