சோக் குமிழில் ஒரு கை

எங்கள் காருக்கு எஞ்சின் பின்னால் இருந்தது. ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே சூடு தணியும். பாப்பிரெட்டிப்பட்டியில் அதைத் தண்ணி குடிக்காத வண்டி என்பார்கள். அறுபதுகளின் கடைசியில் நான் வாங்கும்போதே பழைய கார். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலிருந்த சோக் குமிழை இழுக்க வேண்டும். அதிலிருந்து ஒரு கம்பி பின்னால் போய், கார்புரேட்டரில் காற்று நுழையும் வாயைச் சிறு தகட்டால் மூடும். எங்கள் கம்பி பாதியில் சிக்கிக்கொள்ளும். அதனால் காலையில் இரண்டு பேர் வேண்டும். என் மனைவி முன்னால் உட்கார்ந்து இழுப்பாள். நான் எஞ்சின் மூடியைத் திறந்து, தகட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பேன்.

“இன்னுங் கொஞ்சம்.”

“இதுக்கு மேல இழுத்தா கையோட வந்துருங்க.”

எஞ்சின் பிடித்துச் சூடேறியதும், “வுட்டுரட்டுங்களா?” என்பாள். “வுடு” என்பேன். குமிழை உள்ளே தள்ளிவிட்டுப் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்துகொள்வாள்.

எழுபதுகளின் நடுவில் அவளுக்கு மார்பில் கட்டி வந்து சேலத்தில் ஆபரேஷன் ஆயிற்று. அதன் பிறகு வலது கை சரியாக எழவில்லை. சமையலுக்கு அவள் அக்கா வந்து இருந்தார். தண்ணீர்க் குடத்தைக்கூட இவளைத் தொட விடமாட்டார். வாரம் ஒருமுறை பொம்மிடி வரை காரில் போய், ரயில் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவோம். அந்தக் காலைகளில் பனிக்குள் வந்து உட்கார்ந்து, இடது கையால் குமிழை இழுப்பாள். முகம் சுளிப்பது கண்ணாடியில் தெரியும்.

எலெக்ட்ரிக் சோக் பொருத்த தர்மபுரியிலிருந்து மெக்கானிக் பாய் வந்தது மார்கழியில், போகிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. தொழுகைக்குத் திரும்ப வேண்டுமென்று அவர் அவசரப்பட்டதால் கிழமை நினைவிருக்கிறது. பழைய கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் வட்டமான சிறு டப்பா ஒட்டிய வேறொன்றை வைத்தார். இக்னிஷன் காயிலிலிருந்து அதற்கு ஒரே ஒரு ஒயர். டப்பாவை இப்படியும் அப்படியும் திருப்பித் தகடு மூடுவதைச் சரிபார்த்து, மூன்று திருகுகளையும் இறுக்கினார்.

“ஆக்சிலேட்டர ஒருக்கா மிதிச்சிட்டு சாவியத் திருப்புங்க. உள்ள சூடு ஏற ஏறத் தகடு தானாத் தொறந்துக்கும். இனிமே ரெண்டு ஆள் வேணாங்க.”

எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது. ஜன்னலில் நின்றிருந்த என் மனைவி சிரித்தாள்.

“அப்ப எனக்கு வேலை போச்சுன்னு சொல்லுங்க, பாய்.”

“உங்களுக்கு ரெஸ்ட்டுங்கம்மா.”

“அதுதான் நெறைய இருக்குதே.”

பாய் குமிழையும் கழற்றப் போனார். “அது உங்கள என்ன பண்ணுச்சு? அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றாள். கம்பியின் மறுமுனையை மட்டும் பின்னால் சுருட்டிக் கட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

அடுத்த ஆஸ்பத்திரி நாளில், வண்டி சூடாகும்வரை நீ உள்ளே படுத்திரு என்று சொல்லிவிட்டு, சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். சால்வையைப் போர்த்திக்கொண்டு எனக்கு முன்பாகவே அவள் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“பின்னால போயிப் பாருங்க.”

போய் மூடியைத் திறந்தேன். ஆக்சிலேட்டரை மிதித்துச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஓடியது. எதோடும் சேராத அந்தக் குமிழை அவள் இழுக்கும் சத்தம் கேட்டது. தகடு தன்போக்கில் மெல்லத் திறந்துகொண்டிருந்தது. முழுதும் திறந்த பிறகு கேட்டாள்.

“வுட்டுரட்டுங்களா?”

“வுடு” என்றேன்.

மாசி வரை ஒவ்வொரு வாரமும் இப்படியே கிளம்பினோம். சிவராத்திரிக்குப் பிறகு அவளால் காருக்கு நடந்து வர முடியவில்லை. பங்குனி பிறக்கும்போது அவள் இல்லை.

பாய் பொருத்தியது ஒருநாளும் பழுதாகவில்லை. சாவியைத் திருப்பினால் போதும், வண்டி கிளம்பிவிடும். ஆனாலும் நான் இறங்கிப் பின்னால் போய் மூடியைத் திறந்து நிற்பேன். தகடு முழுதும் திறந்த பிறகும், முன்னாலிருந்து யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தும், கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பேன்.