பாதி தூரம் பறந்த ஏவுகணை

சில வருஷங்களுக்கு முன்னால், மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனையில் நடந்தது இது. என் கணவருக்குச் சிறுநீரகக் கல் ஆபரேஷன். சுங்கை பினாங்கிலிருந்து காலையிலேயே வந்து தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு தமிழ் அக்கா. இங்கே ஃபேக்டரியில் வேலை செய்யும் மகன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது, அவனும் உள்ளேதான் இருக்கிறான் என்றார். கான்டீனில் தே தாரிக் டீ வாங்கி வந்து இருவரும் குடித்தோம். அக்காவுக்கு என்ன வேலை என்று கேட்டேன். "கவர்மென்ட்ல இன்ஜினியர்ங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

அப்போது அவருக்கு போன் வந்தது. கேட்டுக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார்.

"கீழ படகு ஏதும் இருந்துச்சா? யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

அந்தப் பக்கம் ஒரு ஆண் அழுவது எனக்கே கேட்டது.

"அழாதீங்க சார். கரைப்பக்கம் திரும்பினா வேற என்ன செய்ய முடியும்? நீங்க பட்டனை அழுத்தினதுதான் சரி. நான் அங்க இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

போனை வைத்ததும் அப்படியே நின்றார். "உட்காருங்கக்கா, முகமே மாறிப்போச்சு லா" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"நியூஸ்லயே வந்துடுச்சாம், இனிமே சொல்லலாம்" என்று மெல்லச் சொன்னார். இந்தியா சொந்தமாக உருவாக்கிய முதல் தொலைதூர குரூஸ் ஏவுகணையைச் செய்த குழுவில் அவரும் ஒருவர். குட்டி விமானம் மாதிரி, தாழ்வாக, தானே வழி பார்த்துப் பறக்குமாம். அன்றுதான் முதல் சோதனை. கடலுக்கு மேல் போகும்போது நடுவழியில் பாதை மாறிக் கரைப்பக்கம் திரும்பியதால், போனில் அழுத அந்தப் பாதுகாப்பு அதிகாரி பட்டனை அழுத்தி அதை வானத்திலேயே அழித்துவிட்டார்.

"எத்தனை வருஷ வேலை, அக்கா?"

"பையன் ஸ்கூல் படிக்கிறப்ப ஆரம்பிச்சது. அவனோட ஸ்கூல் விழா ஒண்ணுக்குக்கூட நான் போனதில்ல." அப்போதுதான் அவர் கண் கலங்கியது.

"அந்த சார் மேல கோபமே வரலையா?"

"அவரும் எங்ககூடவே உழைச்சவருங்க. அதைத் தன் கையாலயே அழிக்கணும்னா எப்படி இருக்கும்?"

நர்ஸ் வந்து கூப்பிட்டார். மகனை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாதி மயக்கத்தில் அவன் கேட்டது காலைப் பற்றி இல்லை.

"பறந்துச்சாம்மா?"

"பாதி தூரம் பறந்துச்சுடா" என்றார் அக்கா, அவன் தலையைத் தடவிக்கொண்டே. அந்தக் குரலில் தோல்வியே இல்லை. பிள்ளை முதல் அடி வைத்ததைச் சொல்கிற தாயின் குரல் அது.

என் கணவரும் குணமாகி வீடு வந்துவிட்டார். அக்கா, மகன் நன்றாக நடக்க ஆரம்பித்த பிறகுதான் ஊர் திரும்பினார். மறு வருஷம் இரண்டாவது சோதனை வெற்றி என்று எனக்கு மெசேஜ் அனுப்பினார். வேலை செய்த எல்லாருக்கும், அழுத அந்த சாருக்கும் சேர்த்து, பிரியாணி போட்டார்களாம்.

ஏவுகணை பற்றி எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. ஆனால் தன் பல வருஷ உழைப்பு தூளாகிப்போன நிமிஷத்தில், அதைத் தூளாக்கியவரை முதலில் தேற்றிய அந்த மனசு எனக்கும் கொஞ்சமாவது வாய்க்க வேண்டும் என்று இன்றும் ஆசைப்படுகிறேன்.