எட்டு கோட்டிங்குக்குக் கீழே ஒரு சிப்பாய்

இந்த வருஷம் ஆகஸ்ட் பதினைந்து அன்று மண்ணூர் சர்ச் வாசலில் என் பெரியம்மா ஐந்து நிமிடம் பேசாமல் நின்றார். அவரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், இது சாதாரண விஷயமில்லை!

காரணம், பெரியப்பா.

எழுபத்தொன்று பாகிஸ்தான் சண்டையில் ராணுவ லாரி ஓட்டியவர். மெடல் வருவதற்குள் வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டார். அப்புறம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஃபேக்டரி கேட்டில் இருபது வருஷம் செக்யூரிட்டி. ராணுவ நம்பர் இருந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது.

எங்கள் சர்ச்சில் ஆகஸ்ட் பதினைந்து இரட்டைத் திருநாள். மாதாவின் விண்ணேற்புப் பூசை முடிந்ததும் கொடியேற்றம். ஊரிலிருக்கும் இன்னொரு மாஜி ராணுவக்காரர் மெடல்கள் குலுங்க முன்வரிசையில் நிற்பார். பெரியப்பா கடைசி வரிசையில், வெறும் சட்டையோடு.

"லாரி ஓட்டிகினு இருந்தவருக்கு இன்னாத்துக்கு மெடலு?" – பெரியம்மா வருஷா வருஷம் கேட்பார். பெரியப்பா சிரித்து மழுப்புவார். ஆனால் போன வருஷம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சாவறதுக்குள்ள ஒரு தபா அத்த குத்திகினு நிக்கணும்மா" என்றார்.

ராணுவ ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதிப் போட முடிவு செய்தேன். சர்வீஸ் நம்பர் வேண்டுமே? "பட்டாளத்தான் நம்பர மறப்பானா?" என்று மடமடவென ஒப்பித்தார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது... அந்த நம்பர் வேறு யாருக்கோ சொந்தமாம்!

"நான் அப்பவே சொல்லல?" – வேறு யார், பெரியம்மாதான். பெரியப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்போதுதான் அவருடைய ட்ரங்க் பெட்டி ஞாபகம் வந்தது. பட்டாளத்திலிருந்து கொண்டுவந்தது. மூடியில் பேரும் நம்பரும் எழுதியிருந்ததாம். அந்த எழுத்து இப்போது எங்கே? கிறிஸ்துமஸுக்கு ஜன்னலுக்கு அடித்து மீந்த பெயிண்டை அந்தப் பெட்டிக்கு அடிப்பது பெரியம்மாவின் வழக்கம்!

மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் செல்வி, தென்காசிப் பெண். ஒரகடம் கார் ஃபேக்டரியில் பெயிண்ட் ஷாப் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தவள், உப்புத்தாளும் தண்ணீருமாகப் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"தாத்தா, அவசரப்படாதீய. ஒவ்வொரு கோட்டா எறக்கணும்."

பச்சை போனது. நீலம் போனது. நடுவில் ஒரு ரோஸ் வேறு! எட்டாவது கோட்டிங்குக்குக் கீழே, வெள்ளை எழுத்தில், நம்பர்.

கடைசி மூன்று எண்கள் மட்டும் வேறு. அப்படியானால் பெரியப்பா ஒப்பித்தது? ஃபேக்டரி டோக்கன் நம்பர்! இருபது வருஷம் கேட்டில் தினமும் எழுதி எழுதி, அது ராணுவ நம்பரின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பெரியப்பாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மறுபடி எழுதினேன். மெடல் வந்தது – ஒன்றல்ல, இரண்டு! லாரி ஓட்டியவருக்கும் உண்டாம். குண்டுகள் தாமாக நடந்தா எல்லைக்குப் போகும்?

யோசித்துப் பார்த்தால், நம் வீட்டு ஆட்களின் பெருமையை எதிரியா வந்து மறைக்கிறான்? நாம்தான் நல்ல நாள் பார்த்து, ஆசையாக, ஒரு கோட்டிங் அடித்து மூடுகிறோம்.

இந்த ஆகஸ்ட் பதினைந்து அன்று பெரியப்பா மெடல்களோடு முன்வரிசையில் நின்றார். ஆறாவது நிமிடம் பெரியம்மா வாய் திறந்தார். "இன்னாய்யா, கோணலா குத்திகினு கீற?" என்று கிட்டே போய் நேராக்கிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கும் பெட்டிக்குப் பெயிண்ட் உண்டாம்... நம்பரை விட்டுவிட்டு, சுற்றி மட்டும்!