தையலக்காவும் பெயர் மாறிய கப்பலும்

எங்கள் கப்பல் மூன்று முதலாளிகளுக்கு வாழ்க்கைப்பட்டது. அதே காலத்தில் தையலக்கா ஒருவருக்குக்கூட வாழ்க்கைப்படவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அவளைப் பற்றிச் சொன்னதாகும். அவளுடைய பாதி ஆயுசு அந்தக் கப்பலுக்குள்தான் போயிற்று. நான் அங்கே இஸ்திரி போட்டவள். இருவருக்கும் ஒரே அறை, எனக்கு மேல் கட்டில், அவளுக்குக் கீழ்க் கட்டில். அவளுக்கு வாயே கிடையாது, எனக்கு வாயைத் தவிர வேறொன்றும் கிடையாது என்று சமையல்கட்டில் பேசிக்கொள்வார்கள். பேசட்டும், எனக்கென்ன.

உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகச் சுற்றுகிற கப்பல் அது. முதலில் அதன் பெயர் கடலரசி. உடம்பெல்லாம் வெள்ளை, நடுவில் ஒற்றைப் புகைபோக்கி. முதலாளி ஒரு கிழவர். வருஷத்துக்கு ஒருமுறை வந்து, வேலைக்காரர்களோடு தட்டைப் பிடித்து வரிசையில் நின்று சாப்பிட்டுவிட்டுப் போவாராம். அவர் காலத்தில்தான் தையலக்கா தையல் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பா திடீரென்று கண்ணை மூடிவிட, பின்னால் இருந்த தம்பி தங்கைகளைக் கரையேற்றுவதற்காக இவள் கடலேறினாள்.

கிழவர் போனதும் பிள்ளைகள் அடித்துக்கொண்டு கப்பலை விற்றார்கள். வாங்கிய கம்பெனி அதற்குப் பவளமாலை என்று பெயர் வைத்து, வயிற்றைச் சுற்றி ஒரு சிவப்புக் கோட்டையும் இழுத்தது. வெளியே பெயர் மாற்றுவது பெரிய காரியமில்லை. பெயின்ட்டும் தொங்குபலகையும் இருந்தால் முடிந்தது. உள்ளேதான் வேலை. போர்வை, துண்டு, மேஜைவிரிப்பு, திரைச்சீலை, எங்கள் சட்டைப்பை என்று எதை எடுத்தாலும் மூலையில் நூலால் கடலரசி என்று தைத்திருக்கும். பழைய பெயர் ஒரு பயணியின் கண்ணிலும் படக்கூடாது என்று உத்தரவு. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஜன்னலே இல்லாத துணிக்கிடங்கான லினன் ரூமில் உட்கார்ந்து தையலக்கா எழுத்து எழுத்தாகப் பிரித்தாள். பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் பல்லிளித்தன. அதன்மேல் ஒட்டுத்துணி வைத்துப் புதுப் பெயரைத் தைத்தாள். நான் வேலைக்குச் சேர்ந்தது அப்போதுதான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பெயர் இருந்தபோது ஏறினோமோ, அந்தப் பெயரில்தான் கப்பலைக் கடைசிவரை கூப்பிடுவோம். யார் எவ்வளவு பழைய ஆள் என்பதை அவர் வாயைத் திறந்தால் தெரிந்துகொள்ளலாம். நானெல்லாம் பவளமாலை. காலம் போகப் போக, கடலரசி என்று சொல்கிறவர்கள் இரண்டே பேர்தான் மிஞ்சினார்கள். ஒன்று தையலக்கா. இன்னொன்று ரொட்டிக்காரர்.

ரொட்டிக்காரர் கப்பலின் பேக்கரியைப் பார்த்துக்கொண்டவர். மனைவியை இழந்தவர், ஒரே மகளும் கல்யாணமாகிப் போய்விட்டாள். அக்காவிடம் மரியாதையாகத்தான் பேசுவார், அதுவும் சொற்பமாக. ஆனால் அவர் சட்டையில் மட்டும் பொத்தான் தங்கவே தங்காது. லினன் ரூம் வாசலில் வந்து நிற்பார்.

“பொத்தான் போயிடுச்சு.”

“வெச்சிட்டுப் போங்க.”

வருஷக்கணக்கில் இவ்வளவுதான் பேச்சு. மறுநாள் தைத்த சட்டையை வாங்கிக்கொண்டு, துணியில் சுற்றிய சூடான பன் ஒன்றை மேஜையில் வைத்துவிட்டுப் போவார். பாதி எனக்கு வரும் என்பதால் நானும் ரொம்ப நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் முடியவில்லை.

“அந்த மனுஷனுக்கு மாவு பிசையத்தான் தெரியும்னு நெனச்சேன். பொத்தான் பிய்க்கவும் நல்லாத் தெரியுதே அக்கா.”

“சும்மா இருடி. மாவு கனம், நூல் தாங்க மாட்டேங்குது” என்றாள். முகம் அப்படிச் சிவந்ததை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

பிறகு அவருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. அறுவை சிகிச்சைக்காக ஒரு துறைமுகத்தில் இறங்க வேண்டியதாயிற்று. இறங்குமுன் லினன் ரூமுக்கு வந்தார். அன்றைக்குச் சட்டையில் எல்லாப் பொத்தானும் இருந்தது.

“குணமானதும் இதே எடத்துல வந்து ஏறிக்கிறேன்” என்றார். “வந்ததும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“சரி” என்றாள்.

அவர் போனதும் நான் பொரிந்து தள்ளினேன். “இப்பவே கேட்டா என்னவாம்? நீங்களாவது கேளுங்கன்னு சொல்லியிருக்கலாமில்ல?”

“நொண்டிக்கிட்டு நிக்கிறப்ப சரின்னு சொன்னா, பாவம் பாத்துச் சொன்னேன்னு நெனைப்பாரு. நல்லா நடந்து வரட்டும்” என்றாள். அப்படியென்றால் பதில் தயாராக இருக்கிறது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே பவளமாலைக் கம்பெனி பணமில்லை என்று கையை விரித்துவிட்டது. கப்பலை இழுத்துக்கொண்டுபோய்ப் பழுதுபார்க்கும் துறையில் கட்டினார்கள். எங்களைப் பக்கத்தில் ஒரு விடுதியில் அடைத்தார்கள். கைப்பேசியெல்லாம் எங்கள் கைக்கு வராத காலம் அது. அவர் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பதைச் சொல்லவும் கம்பெனியில் ஆள் இல்லை. விடுதிக்கு அக்காவின் தம்பி போன் செய்தான். “போதும்க்கா நீ ஒழைச்சது. உனக்குன்னு ஒரு ரூமே ஒதுக்கி வெச்சிருக்கோம், வந்துடு” என்று கெஞ்சினான். நல்ல பையன்தான், குறை சொல்ல முடியாது. இவள் பிடிகொடுக்கவில்லை.

“நான் போனப்புறம் அவரு வந்து ஏறிட்டா?” என்று என்னிடம் கேட்டாள். ராப்பகலாக அவளை அரித்தது அந்த ஒரு பயம்தான்.

மூன்றாவது முதலாளி வந்தார். கப்பலுக்குப் பொன்மீன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக் கப்பல் கருநீலமாயிற்று. பக்கவாட்டில் ஒரு பெரிய மஞ்சள் மீன், அதற்கு இமைமுடி வேறு. மேலே ஒரு அடுக்கு புதிதாக ஏற்றி, அதிலிருந்து குழந்தைகள் தண்ணீரில் சறுக்கி விழ ஒரு குழாயும் வைத்தார்கள். புகைபோக்கியைச் சுற்றித் தகரக் கூண்டு. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. எல்லோருக்கும் புது காண்ட்ராக்ட், புதுச் சட்டம். பாஸ் இல்லாமல் எந்தத் துறையிலும் இறங்கக்கூடாது, இறங்கினால் வேலை போச்சு. பேக்கரிக்கும் புது ஆள் போட்டாயிற்று. அக்கா மறுபடியும் ஒட்டுத்துணிமேல் ஒட்டுத்துணி வைத்துத் தைத்தாள். அவர் வந்து நிற்க வேண்டுமே, வந்து நிற்க வேண்டுமே என்று நானும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அவர் இறங்கிய அந்தத் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு மத்தியானம். பயணிகள் ஊர் சுற்றப் போனார்கள். எங்களுக்குப் பாஸ் இல்லை. நானும் அக்காவும் கீழ் டெக்கில் கம்பியைப் பிடித்துக்கொண்டு துறையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏற வந்த கூட்டத்தில் அவர் இல்லை. ஏறி இறங்கும் பலகையான கேங்வே பக்கமும் இல்லை. பயணிகள் திரும்பி வந்து ஏறத் தொடங்கிவிட்டார்கள். அக்கா கம்பியை விடவில்லை.

திடீரென்று என் கையை அழுத்தினாள். எங்களுக்கு நேர் கீழே ஒரு சிமென்ட் பெஞ்சு. அதில் ரொட்டிக்காரர். காலடியில் பெட்டி. வெயிலுக்கு எங்கள் கப்பலின் நிழலில் ஒதுங்கி உட்கார்ந்துகொண்டு, எங்கள் கப்பல் வருகிறதா என்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் தெரிந்தது. நடக்க முடிந்த நாளிலிருந்து வாராவாரம் வந்து, “கடலரசி எப்ப வரும்?” என்று கேட்டிருக்கிறார். வழக்கம் விடவில்லை. துறைமுகத்தார் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு கப்பலே இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவரும் அதை நம்பாமல் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

நான் கத்தினேன். மேலே பயணிகளுக்காகப் போட்ட பாட்டில் என் குரல் எடுபடவில்லை. பக்கத்தில் பார்த்தால் அக்கா இல்லை. கேங்வேயில் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தாள். காவலாளி, “பாஸ் எங்கம்மா?” என்று கையை நீட்டி மறித்தான். அவள் குனிந்து அந்தக் கைக்குக் கீழே நுழைந்து போய்விட்டாள். நானும் பின்னாலேயே போய் அவனைப் பிடித்துக்கொண்டேன். அவனும் என் வாயிடம் மாட்டிய முதல் ஆள் இல்லை. கடைசியில் என்னையும் கீழே இறங்க விட்டான்.

துறையில் நின்று அக்கா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. இங்கே எழுதவும் மாட்டேன், அது அவளுக்கு உரியது.

அவர் திரும்பினார். எழுந்து, கொஞ்சமும் சாயாமல் நடந்து வந்தார்.

“கப்பல் எங்கே?” என்றார்.

“இதுதான்.”

அவர் அண்ணாந்து அந்த மீனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “இதுவா!” என்று சிரிக்கப் போனவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“என் எடத்துக்கு ஆள் போட்டுட்டாங்களா?”

“போட்டுட்டாங்க.”

“அப்ப நான் ஏற முடியாது.”

“நான்தான் எறங்கிட்டேனே” என்றாள் அக்கா.

மேலிருந்து காவலாளி, “ஏறுங்கம்மா, கேங்வேயை எடுக்கப் போறாங்க!” என்று கத்தினான். அக்கா என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. மேலே ஓடி, அவளுடைய துணிமணியைக் கையில் அகப்பட்ட மாதிரி பெட்டியில் திணித்தேன். செருப்பையும் எடுத்துக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தேன். கட்டிப்பிடித்து அழுதேன். அவள் என் தலையைத் தடவினாள். என்ன வாய் இருந்து என்ன, அப்போது எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

நான் கேங்வேயில் கால் வைக்கும்போது அவர் தொண்டையைச் செருமினார். “வந்ததும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு சொல்லியிருந்தேன்...” என்று ஆரம்பித்தார். அதற்குள் கப்பல் ஊதிவிட்டது. காது அடைக்கிற சத்தம். அவர் தவித்துப்போய் நிறுத்தினார்.

சத்தம் அடங்கியதும் அக்கா போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அவருக்கு இடம் விட்டாள்.

“கப்பல் போகட்டும்” என்றாள். “நிதானமாக் கேளுங்க.”