தலையணை உறைக்குள் ஒரு பாம்பு

காலையில் பெட்டியைத் திறந்தபோது எலி உயிரோடு உட்கார்ந்து முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பாம்பு பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே புதைத்திருந்தது. அதன் முதுகில் இரண்டு இடங்களில் தோலே இல்லை. ஓரிடத்தில் சிவப்பாகச் சதை. இன்னோரிடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது எலும்பாக இருந்துவிடக் கூடாதே என்று குனிந்து பார்த்தேன்.

பாம்பு என் மகனுடையது. பெங்களூரில் வேலை பார்க்கும்போது முறையாகப் பதிவு செய்து வாங்கினான். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் சின்ன மலைப்பாம்பு வகை, விஷம் கிடையாது. அலுவலகத்தில் அவனை நான்கு மாதம் ஜெர்மனிக்கு அனுப்பியபோது, தென்காசி பக்கம் குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டு மாடி அறையில் அதைக் கொண்டுவந்து வைத்தான். அதன் தீனிக்கு அவன் விட்டுப்போன உறைய வைத்த எலிகள் தீர்ந்ததும் உயிர் எலி வாங்கச் சொன்னான்.

"கால் மணி நேரம் பக்கத்துலயே நில்லும்மா. அது தின்னலன்னா எலிய எடுத்துரு. இல்லன்னா எலி பாம்பக் கடிச்சிரும்."

இரண்டு தடவை சொன்னான். என்னால் அதைப் பார்க்க முடியாது என்று அவனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் எலியை உள்ளே விட்டு, மூடியைச் சாத்தி, கீழே இறங்கி வந்துவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

என் வீட்டுக்காரர் போலீஸ். குற்றாலத்தில் சீசன் கூட்டத்துக்கு ஐந்தருவியில் பந்தோபஸ்து. போனில் அருவிச் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"நான் இப்பம் எப்படி வர முடியும்? போனாப் போவுது, விடு."

"செத்துப்போச்சுன்னா அவன்ட்ட யாரு சொல்லுவா? நீங்க சொல்லுதீயளா?"

பிறகு, "தென்காசி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போ. அவன் வச்சிருக்க பாம்புப் பதிவு பேப்பர மறந்துராத. எவனாவது பாரஸ்ட் ஆபீசுக்குப் போன் போட்டுருவான்" என்றார்.

அதுவரை நான் அதைத் தொட்டதில்லை. இடுக்கியால் எலியை எடுத்து வாளிக்குள் போட்டேன். பழைய தலையணை உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடாமல் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பாம்பைத் தூக்கினேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. உறையைப் புரட்டி, உறையின் வாயை முடிச்சுப் போட்டு, பதிவுப் பேப்பரோடு வயர் கூடையில் வைத்து ஆட்டோ ஏறினேன்.

பாதி தூரத்தில் டிரைவர் கண்ணாடியில் கூடையைப் பார்த்தார்.

"யக்கா, உள்ள என்ன நெளியுது?"

"பாம்புப்பா. விஷமில்ல. அடிபட்டிருக்கு."

வண்டி நின்றுவிட்டது. "எறங்குங்கக்கா. நான் புள்ளகுட்டிக்காரன்."

சாரல் அடித்துக்கொண்டிருந்தது. குளிர்ந்தால் அது தாங்காது என்று மகன் சொல்லியிருக்கிறான். வேறு ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. உறையைக் கூடையிலிருந்து எடுத்துச் சேலைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். முதலில் மெல்ல அசைந்தது. ரயில்வே கேட் தாண்டிய பிறகு அசைவு நின்றுவிட்டது. வழியில் நின்று பிரித்துப் பார்க்கவும் பயம், பார்க்காமல் நடக்கவும் பயம். கிட்டத்தட்ட ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் நாலைந்து ஆடுகளும் ஒரு கன்றும் காத்திருந்தன. நான் சொன்னதைக் கேட்டதும் ஆடு பிடித்திருந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். மேசையில் உறையைப் பிரித்தேன். பாம்பின் நாக்கு ஒருமுறை வெளியே வந்து போனது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

டாக்டர் காயத்தைக் குனிந்து பார்த்தார். "அம்மா, நான் இதுவரைக்கும் பாம்புக்கு வைத்தியம் பண்ணதில்ல. ஊகத்துல மருந்து குடுத்தா நானே கொன்னுருவேன்."

"அப்ப வேற எங்கன கொண்டு போறது?"

அவர் போனை எடுத்தார். அவரோடு படித்த ஒருவர் சென்னையில் இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கிறாராம். மூன்று முறை மணி அடித்து நின்றது. நான்காவது முறை சென்னைக்காரர் எடுத்தார். வீடியோவில் தெரியும்படி காயத்துக்கு நேராகப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"எலும்பு இல்ல, தசைய மூடியிருக்கற சவ்வுதான்" என்றார் அந்தக் குரல். "தையல் போடாத, கழுவித் திறந்தே விடு. எடை பாத்துட்டு ஊசி போடு. உடம்போட முன்பாதியில போடணும். பின்னாடி போட்டா மருந்து நேரா கிட்னிக்குப் போயிடும்."

ஊசி மருந்தை வெளியே மருந்துக்கடையில் வாங்கி வந்தேன். பாம்பைப் பிடிக்க ஆள் வேண்டும். உதவியாளர் கதவருகே நின்று, "மாடு முட்டுனாக்கூட நிப்பேன் மேடம். இதுக்கு நான் வரல" என்றார்.

நான் பிடித்தேன். தலைக்குப் பின்னால் இடது கை, நடுவில் வலது கை. ஊசி இறங்கியதும் உடம்பு முழுவதும் இறுகி என் மணிக்கட்டைச் சுற்றியது. விரல்கள் மரத்துப் போயின. டாக்டரின் நெற்றியிலும் வேர்வை. "விட்டுராதீங்கம்மா, விட்டுராதீங்க" என்று சொல்லிக்கொண்டே மருந்தைச் செலுத்தினார். அது என்னைக் கடிக்கவேயில்லை.

மத்தியானம் மகனைக் கூப்பிட்டேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"நான் சொன்னேன்லம்மா."

"சொன்ன. நாந்தான் நிக்கல."

"ஒனக்கு ஒண்ணும் ஆவலல்ல?"

போனை வைத்துவிட்டு அழுதேன்.

மூன்று நாளைக்கு ஒரு ஊசி. வீட்டுக்காரர் டூட்டிக்கு நடுவே பைக்கில் கொண்டுபோய் விட்டார், வாசலோடு சரி. பெட்டியில் செய்தித்தாள் விரித்துத் தினமும் மாற்றினேன், மருந்து தடவினேன். ஏழு வாரம் அது எதுவும் தின்னவில்லை. நான்காம் ஊசிக்குப் பிறகு காயத்தின் ஓரங்கள் உள்பக்கமாகக் கூடி வந்தன. முதல் தோல் உரிந்தபோது அந்த இரண்டு இடங்களிலும் பிய்ந்து பிய்ந்து வந்தது. அடுத்த தோல் முழுதாகக் கழன்றது.

மகன் திரும்பி வந்ததும் பாம்பைக் கையில் சுற்றிக்கொண்டு தழும்பை விரலால் தடவினான். "இங்க இனிமே செதில் சரியா வராதும்மா" என்றான். என்னைக் குற்றம் சொல்லும் குரலில்லை அது. ஆனாலும் நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன்.