வாங்கில் இருந்தவர்

கான்ட்ஸ் ஹில் ரவுண்டபவுட்டைத் தாண்டிய பிறகுதான், ஜாக்கெட்டை அந்த அக்காவின் வீட்டுக் கதிரையிலேயே விட்டுவிட்டு நடக்கிறேன் என்று தெரிந்தது. திரும்பிப் போகவில்லை. நடந்தால் குளிர் தெரியாது. பின்னேரம் மூன்று மணி. கையில் வேலை இல்லை, இருந்த அறையும் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. லண்டனுக்கு வந்த நாளிலிருந்து எந்த இடத்திலும் நான் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. அதைப் பெரிதாக நினைத்ததுமில்லை.

அக்காவை எனக்கு முன்பின் தெரியாது. கோயிலில் யாரிடமோ என் நம்பரை வாங்கி, "தேத்தண்ணி குடிக்க வாங்கோ தம்பி, ஒரு விசயம் கேக்கவேணும்" என்று கூப்பிட்டிருந்தார். சுவருக்குப் பெயின்ட் அடிக்கத்தான் கேட்பார் என்று நினைத்து இல்ஃபோர்டுக்குப் போனேன். அவர் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு போட்டோகொப்பியை என் முன்னால் வைத்தார். சிங்களத்தில் எழுதிய கடிதம். கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று அவருடைய கணவருடையது. மற்றது என்னுடையது.

"உங்கட கையெழுத்துத்தானே?"

"ஓம்."

"என்ன எழுதியிருக்கு எண்டு தெரியுமே?"

"தெரியாது அக்கா. வைக்கச் சொன்னாங்கள், வைச்சன்."

மொழிபெயர்ப்பை அவர் மனப்பாடமாகச் சொன்னார். மேற்குறித்த இருவரும் காலை பத்து மணிக்கு, நல்ல தேகநிலையில், தங்கள் உடைமைகளுடன், ஒன்றாக முகாமை விட்டு வெளியேறினர்.

"ஒண்டாத்தான் வெளிக்கிட்டனீங்களோ?"

"இல்லை. நான் தனியத்தான் வந்தனான்."

அவர் எழும்பிப் போய், கொதித்து நின்றுபோன கேத்திலை மறுபடி போட்டார். 

"என்ர மாமி சாகும்வரைக்கும் சொன்னவ, மகன் பெண்சாதியின்ர வாய்க்குப் பயந்து ஓடிட்டான், வெளிநாட்டில வேறொருத்தியோட இருக்கிறான் எண்டு. வெளியில வந்ததுக்குக் கையெழுத்து இருக்கே எண்டுவா. எனக்கு அவ்வளவு வாயில்லைத் தம்பி." பிறகு கேட்டார். "இப்ப எனக்குச் சொன்னதை லோயரிட்டச் சொல்லி, ஒரு கையெழுத்து வைப்பீங்களோ?"

நான் கதவைப் பார்த்தேன். "யோசிச்சுச் சொல்லுறன் அக்கா. போயிட்டு வாறன்."

"போறன் எண்டே சொல்லுங்கோ. வாறன் எண்டு சொன்ன ஆளைத்தான் பதினேழு வருசமாத் தேடுறன்."

ரெட்பிரிட்ஜ் வரைக்கும் அந்தச் சொல் கூடவே வந்தது.

அவருடைய கணவர் ஐஸ் லொறி ஓட்டியவர். சண்டைக் காலம். எனக்குப் பத்தொன்பது வயது. ஒரே பஸ்ஸிலிருந்து எங்கள் இருவரையும் ஆமிக்காரர்கள் இறக்கினார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. எங்கே கொண்டுபோகிறோம் என்று வீட்டுக்கும் சொல்லவில்லை. முகாம், முன்பு பள்ளிக்கூடமாக இருந்த கட்டடம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட என்னை மறுபடி வகுப்பறையில் இருத்தியிருந்தார்கள். கரும்பலகையில் அழியாமல் ஒரு பின்னக் கணக்கு இருந்தது. அவர் அதைக் காட்டி, "தம்பி, இந்தமுறையாவது பாஸ் பண்ணு" என்றார். அடியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பேருக்கும் விழுந்தது. அவருக்குக் கொஞ்சம் கூட.

பன்னிரண்டாம் நாள் காலை வெளியே வேப்பமரத்தடியில் மேசை போட்டிருந்தார்கள். நான் கையெழுத்து வைத்தேன், அவரும் வைத்தார். என்னைப் போகச் சொன்னார்கள். அவருக்குச் சுவரோரம் இருந்த நீள மர வாங்கைக் காட்டினார்கள். அதில் போய் இருந்துகொண்டு, "நீ நட, நான் பின்னால வாறன்" என்றார். கேற் வரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் என்னையும் இருத்திவிடுவார்கள் என்று பயம். முதலில் வந்த பஸ்ஸில் ஏறினேன். அவருடைய ஊர் எனக்குத் தெரியும். போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு கிழமைக்குள் கொழும்பு, பிறகு இந்தியா, பிறகு இங்கே.

வான்ஸ்டெட் கடந்து விப்ஸ் குரொஸ் பஸ் தரிப்பில் இருந்தேன். லெஸ்டரில் ஒரு கூட்டாளி இருக்கிறான், அன்றைக்கே போகலாம். ஊரில் என் தமையன் அந்த முகாம் இருந்த வீதியிலேயே சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கையெழுத்து வைத்தால் அவருக்கு என்ன வரும் என்று தெரியாது. போய்விடுவதுதான் சுலபம். ஆனால் மற்றதும் தெரிந்தது. அந்தக் கடிதம் உண்மையென்று நிற்பதற்கு என் கையெழுத்தும் வேண்டும், நான் யாருக்கும் அகப்படாமல் இருக்கவும் வேண்டும். பதினேழு வருடமாக இரண்டையும் நான் சரியாகச் செய்துகொடுத்து வந்திருக்கிறேன்.

போன் எடுத்தேன். "அக்கா, ஜாக்கெட்டை விட்டிட்டு வந்திட்டன்."

"தெரியும். கொழுவி வைச்சிருக்கிறன்."

"லோயருக்கு என்ன வேணும்?"

"நிலையான அட்ரஸ் வேணும் தம்பி. அவர் கடுதாசி போட்டால் நீங்கள் அங்க இருக்கவேணும். ஆறு மாசமாவது."

வால்தம்ஸ்டோவில் மீன் கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவரிடம் போனேன். இரண்டு தரம் அவரிடம் வேலைக்கு நின்றவன்தான். கடைக்கு மேலே ஒரு அறை உண்டு.

"அறை இருக்கு. உனக்கில்லை" என்றார். "போனமுறை மூண்டாம் கிழமை கத்தியைக்கூடக் கழுவாமல் ஓடினவன் நீ."

"இந்தமுறை ஆறு மாசம் அண்ணை."

"ஆரடா பொம்பிளை?"

"பொம்பிளை இல்லை. எனக்கு ஒரு கடுதாசி வரும். அப்ப நான் இங்க நிக்கவேணும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏழு மணிக்கு ஐஸ் வரும். அதுக்கு எழும்புறியோ பாப்பம்."

எழும்பினேன். அண்ணை ஒரு படிவத்தைக் கல்லாவில் வைத்து, "கையெழுத்தைப் போட்டிட்டுப் போய் வெட்டு" என்றார்.

"வாசியுங்கோ."

"இங்கிலிஷடா. உனக்கு விளங்காது."

"அதுதான், வாசிச்சுச் சொல்லுங்கோ."

"விடிஞ்சும் விடியாமல் என்ர உயிரை எடுக்கிறாய்" என்று கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார். பேர், அட்ரஸ், வேலை நேரம், செவ்வாய் லீவு. ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துக் கேட்டேன். பிறகு வைத்தேன், அதே பழைய கையெழுத்து. அட்ரஸ் இருந்த வரியைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினேன்.

ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஐஸைத் தட்டில் கொட்டிப் பரப்பினேன். முதலில் வெட்டக் கிடைத்தது ஒரு பெரிய பாரை.