மலை பஸ்ஸில் எங்கள் கேசட்

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ராக் குழு எட்டு மாதம்தான் உயிரோடு இருந்தது. இரண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ், தொண்டை கிழியக் கத்தும் நான். எந்த விழாவிலும் எங்களை மேடையேற்றவில்லை. மலைமேல் சோளக்காட்டுச் சந்தையிலாவது பாட விடச் சொல்லிக் கெஞ்சிப் பார்க்கலாம் என்று நால்வரும் பஸ் ஏறினோம். மலைச்சனமாவது கேட்கட்டும் என்ற வெறியில், பதிவு செய்திருந்த ஒரே கேசட்டை டிரைவரிடம் கொடுத்தேன்.

முதல் கொண்டை ஊசி வளைவிலேயே அணைத்துவிட்டார்.

"எதுக்கால வர்ற லாரி ஹாரன் கேக்கோணும் கண்ணு. வளைவு தாண்டிப் போடறேன்."

சொன்னபடி போட்டார். அடுத்த வளைவில் அணைத்தார். எழுபது வளைவுக்கும் இதே கதை. ஒரு பாட்டுகூட உருப்படியாக வரவில்லை. முன்சீட்டு அம்மா திரும்பி, "டேப்பு ரிப்பேருங்களா?" என்று கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டேன். உயிர் விஷயம், டிரைவரைக் குறை சொல்ல முடியுமா?

சந்தையிலும் எங்களை யாரும் சீந்தவில்லை. சாயங்காலம் அதே பஸ்ஸில் மலை இறங்கினோம். அதே டிரைவர் ஒரு சினிமாப் பாட்டு கேசட்டைப் போட்டார். அடிவாரம் வரை ஒரு வளைவில்கூட அவர் அதை அணைக்கவில்லை.